சாந்தி பிடித்த இடம்

14, வெள்ளி.

கலஹா பஸ்ஸில் என்னோடு பள்ளிக்கூடம் போன சாந்தி இன்று ஒரு கூட்டத்தில் பேசக் கண்டிக்கு வந்திருந்தாள். கனடாவில் வரவேற்பு மேசையில் தொடங்கியவள், இப்போது புதுக் கம்பெனிகளுக்கு முதலீடு கொடுக்கும் நிறுவனத்துக்கே தலைவி. அந்த மேசை கிடைத்திருந்தால் நானும்தான் ஏறியிருப்பேன்.

அவள் பேச்சில் ஒரு பிழையாவது கண்டுபிடிக்கத்தான் கூட்டத்துக்குப் போனேன். மண்டபம் நிறைந்திருந்தது. சுவரோரம் நின்றேன். முன்வரிசையிலிருந்து திரும்பியவள், என்னைக் கண்டதும் பக்கத்துக் கதிரையில் கைக்குட்டையைப் போட்டாள். அந்தக் காலத்தில் பஸ் ஜன்னல் வழியாக எனக்காகப் போடுவாளே, அதே மாதிரி.

"மல்லி, இங்க வாடி. ஒனக்கு எடம் புடிச்சிட்டேன்."

எல்லோரும் பார்க்க, நான் போய் உட்கார்ந்தேன்.

என்னை மறந்து தொலைத்திருக்கக் கூடாதா? நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.