தேவி அக்கா சொன்ன அர்த்தம்

வியாழக்கிழமை

சுங்கை காடுட்டில் இருக்கும் எங்கள் ஆபீசில் எனக்கு ஆங்கிலப் பேச்சு வழக்குகளைச் சொல்லிக் கொடுப்பவள் தேவி அக்கா. இன்று அவள் அனுப்ப மறந்த ஆர்டரைப் பற்றி மேனேஜர் விசாரித்தார். "ஷீ டிராப்ட் த பால், சார்" என்று என்னைக் கைகாட்டினாள். கோட்டை விட்டது நானாம். மறுத்துப் பேச எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

"வீ ஹேவ் டு லெட் ஹெர் கோ" என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் தேவி அக்கா கேட்டாள். "அவர் சொன்னது புரிஞ்சிச்சா?"

"இல்லக்கா."

"சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்றாரு லா. கெளம்பு."

வேலையை விட்டு அனுப்புவதற்கு 'லெட் கோ' என்றுதான் சொல்வார்கள் என்று போன மாதம் எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

"தேங்க்ஸ்க்கா" என்றேன்.

ஏன் இத்தனை சீக்கிரம் என்று அம்மா கேட்டாள். லீவு கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டேன்.