நாலு தட்டு அமைதி

தம்பி,

மருத்துவர் நீ பேசத்தான் கூடாது என்றார், படிக்கலாமே.

நம் மெட்டல் இசைக்குழுவின் புது ஆல்பம் வந்துவிட்டது. அதில் உன் அலறல் பாட்டு இல்லை. கிட்டார்காரன் மெதுவாகப் பாடியிருக்கிறான். கேட்டவர்கள் இரண்டு கட்சியாக அடித்துக்கொள்கிறார்கள். "இப்பதான்டா வார்த்தையே புரியுது" என்கிறது ஒன்று. "மெட்டலை வித்துத் தின்னுட்டானுங்க" என்கிறது மற்றொன்று. உன் தொண்டையைப் பற்றி நாங்கள் மூச்சுவிடவில்லை. திட்டு எங்களோடு போகட்டும்.

நான்காவது பாட்டில் நீ அலறும் இடம் வந்ததும், உனக்கு இடம் விடும் பழக்கதோஷத்தில் நாலு தட்டு நேரம் டிரம்ஸில் என் கை நின்றுவிட்டது. ஒலிப்பதிவாளர் அதை வெட்டச் சொன்னார், ஒருவரும் சம்மதிக்கவில்லை. இப்போது இரண்டு கட்சியும் ஒத்துப்போவது அந்த அமைதியில் மட்டும்தான்.

உன் மைக் இன்னும் உன் உயரத்திலேயே இருக்கிறது. ஞாயிறு ஒத்திகைக்கு வா. பாட வேண்டாம். அந்த நாலு தட்டுக்கு வந்து நில், போதும்.

டிரம்ஸ் அடிக்கும் உன் அண்ணன்