ஐந்து கைப் பனிப்பூ

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். அக்காவும் அவள் வீட்டாரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். அக்காவை எழுதச் சொல்லலாம்தான். அவள் எழுதினால் கோபம்தான் வந்து சேரும்.

அப்பா போய் இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள். தையல் கடையைக் காலி செய்துவிட்டோம். மிஷினை அக்கா எடுத்துக்கொண்டாள். துணி வெட்டும் மேசையை நான் வைத்துக்கொண்டேன். வாசலில் நுழையாமல் காலைக் கழற்றித்தான் கொண்டுவந்தார்கள். முன்னறையில் பாதி அதற்கே போய்விட்டது.

லேஸ் கடைக்கார அம்மா வந்திருந்தார். குளிர்காலத்துக்கு வழக்கம்போல் நூலில் முடிச்சுப் போட்டுப் பின்னும் பனிப்பூ வேண்டுமாம். போன வருஷத்து மாதிரி வேண்டாம், புதுசாக யோசியுங்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். கை சும்மா இருப்பதற்கு இது தேவலை என்று சரி சொன்னேன்.

நான் தாளில் வரைகிறவள் இல்லை. மேசையில் பொத்தான்களைப் பரப்புவேன். பெரிய பொத்தான் ஒரு வளையம், சின்னது அதன் ஓரத்துக் காது. சாக்பீஸால் கோடு இழுத்து, பூவின் நடுவிலிருந்து நீளும் ஒரு கையை மட்டும் அடுக்கிப் பார்ப்பேன். மற்றதெல்லாம் அதே மாதிரிதான். முன்பு எட்டுக் கை வைப்பேன். பனியைப் பார்த்தவளா நான். என் குளிர்கோட்டு மேல் விழுந்த பனிப்பூவை எண்ணினேன், ஆறு கைதான் என்று நீ எழுதிய பிறகுதான் ஆறு. அந்தக் கடிதத்தை அப்பா தொடவில்லை. ஆனால் மறுநாள் நான் கடைக்குப் போனபோது, இதே மேசையில் எனக்காக ஆறு கோடு அளந்து போட்டு வைத்திருந்தார்.

இந்தத் தடவை ஒரு கைக்கு மூன்று வளையம், நுனியில் ஐந்து காது என்று வைத்தேன். முடிச்சுப் போடும் அந்தச் சின்னக் கட்டை ஷட்டிலில் எப்போதும் அப்பாதான் நூல் சுற்றித் தருவார், சோதனைக்கு நானே சுற்றிக்கொண்டேன். உனக்குத்தான் தெரியுமே, அப்பா இடதுகைக்காரர், எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். முப்பது வருஷமாக அதிலேயே முடிச்சுப் போட்டுப் பழகிய விரல். நான் சுற்றியதில் நூல் தப்பான பக்கம் வந்தது, வளையம் முறுக்கிக்கொண்டது. ஓரமும் இறுகி, பூ தட்டையாக நிற்காமல் கிண்ணம் மாதிரி எழும்பிவிட்டது. அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "இதுல உப்பு போட்டு வைக்கலாம்மா" என்றாள். இத்தனை நாளில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கைக்கும் கைக்கும் நடுவே மூன்று முடிச்சு கூட்டினேன். பிறகு அலமாரியில் இருந்த ஷட்டிலை எடுத்தேன். அது அப்பா கடைசியாகச் சுற்றி வைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் கட்டிலில் உட்கார்ந்தபடியே சுற்றினார். பூ தட்டையாக, அழகாக வந்தது. ஐந்தாவது கை முடிந்ததும் நூலும் முடிந்தது. இழுத்து மூடிய வளையத்தைப் பிரிக்க முடியாது, அதனால் மிச்சம் பிடிக்கவும் வழியில்லை.

வழக்கமாக விளிம்பு முட்டச் சுற்றுகிறவர். வேண்டுமென்றே குறைத்திருப்பார் என்கிறாள் அக்கா. கை நடுங்கியிருக்கும் என்கிறேன் நான்.

சுற்றி முடித்து என்னிடம் கொடுக்கும்போது, "பத்தலைன்னா அவன்கிட்ட சுத்தச் சொல்லு. இந்த இடதுகை அவனுக்குத்தான் இருக்கு" என்றார். நூலைப் பற்றித்தானே பேசுகிறார் என்று நானும் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். நூல் தீர்ந்த பிறகுதான் யோசித்தேன். நீ போன இந்த ஐந்து வருஷத்தில் அவர் வாயில் உன் பேச்சு வந்தது அந்த ஒரு தடவைதான்.

கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று நீ கிளம்பிய அன்று, நான் செத்தாலும் வராதே என்றார். நீ கேட்டாய், நானும் பக்கத்தில்தான் நின்றேன். சொன்னபடி நீயும் வரவில்லை. அதற்காக உன்னை நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்தப் பேச்சை நீ கேட்கவில்லையே என்றுதான் எழுதுகிறேன். கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.

மாதிரிப் பூவுக்கு மாதக் கடைசி வரை பொறுப்பதாகக் கடைக்கார அம்மா சொல்லியிருக்கிறார். ஐந்து கையோடு அது மேசையில் கிடக்கிறது. காலி ஷட்டிலையும் ஒரு நூல்கண்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். சுற்றித் தபாலில் அனுப்பாதே, வழியில் தளர்ந்துவிடும். கையோடு கொண்டு வா. அக்கா இரண்டு வார்த்தை பேசுவாள், வாங்கிக்கொள்.

நன்றாக இரு. மேசை முன்னறையை அடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனாலும் ஒரு ஆள் உள்ளே வர இடம் விட்டுத்தான் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா