கட்டிலுக்குக் கீழே பித்தளை ரீல்

ஜூன் 3

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நீங்களும் வீட்டிலுள்ள துருப்பிடித்த சாமான்களும் நலமா? போனில் கூப்பிட்டால் பாதிப் பேச்சில், "ஒரு நிமிஷம் இரு, பார்ட்டி லைன்ல இருக்கான்" என்று தூண்டிலுக்கு விலை பேசப் போய்விடுகிறீர்கள். கடிதமென்றால் நடுவில் வெட்டிவிட முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மூச்சு வாங்குவது குறையவில்லை. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறதாம். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய மனுஷன், இப்போது கழிப்பறைக்குப் போக என் தோளைப் பிடிக்கிறார். எனக்குத் தாங்கவில்லை.

நான் கிளம்பிய அன்று குக்கரைத் திறந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சோறு வைக்கிற குக்கரில் எவனெவனோ மீன் பிடித்த தூண்டில் ரீல்கள் ஊறுகின்றன; மேலே மீன் செதிலும் கிரீஸும் மிதக்கின்றன. "வினிகர்தானே, கழுவினா போச்சு" என்று வேறு சொன்னீர்கள். சீ! என் தையல் அறையில் துணி வெட்டுகிற மேஜை மேல் காய்ந்த மண்புழு. ஹெட்மாஸ்டர் கோட்டைப் போட்டு அளவு பார்த்தாரே, "ஐயோ அம்மா" என்று குதித்தாரே, அவருடைய அக்குளில் குத்தியது உங்கள் தூண்டில் முள்தான். அந்தக் கோட்டை மோந்து பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு அயிரை மீன்கூடப் பிடித்தறியாத உங்களுக்கு எதற்கு இந்தக் கருமம்?

நான் திரும்பும்போது என் அறை எனக்கு வேண்டும். இல்லையென்றால் வரமாட்டேன். சும்மா மிரட்டுவதாக நினைக்காதீர்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 8

இல்லாத நாற்றத்தையும் பிடிக்கிற என் மூக்கம்மாவுக்கு,

உன் திட்டு வந்து சேர்ந்தது. நேரில் திட்டுவதைவிட எழுத்தில் அழகாகவே திட்டுகிறாய்.

நான் சீட்டாடுகிறேனா, குடிக்கிறேனா? ஆபீஸ் விட்டு வந்து நாலு பழைய தூண்டிலை வாங்கி, துடைத்து, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்கிறேன். ஒன்றுக்கும் ஆகாது என்று எவனோ ஒதுக்கியதை இன்னொருத்தன் ஆசையாகத் தடவிப் பார்ப்பான் பார், அந்த ருசி உனக்குப் புரியாது.

மின் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் ஒரு வசதி. எந்த வீட்டு மூலையில் தூண்டில் சாய்த்து வைத்திருக்கிறது என்பது நமக்கு அத்துப்படி. மூன்றாவது தெருக் கம்பவுண்டர் செத்துப்போய்விட்டாரல்லவா? வாடகை நாற்காலிகளை எடுத்துப் போவதற்குள் அவருடைய தூண்டில்களைக் கேட்டு நான் போய் நின்றுவிட்டேன். அந்த அம்மா அழுதுகொண்டே, "எடுத்துட்டுப் போயிடுங்க தம்பி, கண்ணுல பட்டா தாங்கல" என்றார்கள். பேரமே பேசவில்லை! துக்கம் விசாரித்தது போலவும் ஆச்சு, வேலை முடிந்தது போலவும் ஆச்சு.

மாமாவின் கட்டிலுக்குக் கீழே மரப்பெட்டியில் அவர் ஏரியில் மீன் பிடித்த பித்தளை ரீல் ஒன்று உண்டே, அது பத்திரமாக இருக்கிறதா? மாமா உடம்பு எப்படி இருக்கிறது?

உன் அன்புக் கணவன்


ஜூன் 14

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அந்தக் கம்பவுண்டர் வீட்டம்மாவுக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தவள் நான். அவள் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்? அழுகிறவளிடம் நின்று பொருள் வாங்க உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இங்கே நிலைமை மோசம். "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடம் அழலாம். எனக்கு இருப்பது நீங்கள் ஒருத்தர்தான். கோபத்தையெல்லாம் மறந்துவிட்டுக் கேட்கிறேன், ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள். அப்பா நேற்றுக்கூட, "மாப்பிள்ளை வரலையா பாப்பா?" என்று கேட்டார்.

ரீலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

உங்கள் மனைவி


ஜூன் 18

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

செய்தி அறிந்து மனம் கலங்கியது. உடனே கிளம்பத்தான் பார்த்தேன். மீட்டர் கணக்கெடுக்கிற நேரம், லீவு கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரலாமென்றால் சந்தை. ரொம்ப நாளாக ஒரு பார்ட்டியை வரச்சொல்லி வைத்திருக்கிறேன்.

தைரியமாக இரு. வயசானால் யாருக்கும் நடப்பதுதானே. நேரத்துக்குச் சாப்பிடு. தரையைத் துடைக்கும்போது கட்டிலுக்குக் கீழே மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொள். பித்தளை பச்சை பிடித்துவிட்டால் பிறகு ஒருத்தனும் தொடமாட்டான்.

உன் அன்புக் கணவன்


ஜூன் 26

என் கணவருக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒருத்தன் வந்து நின்றான். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெரிய துணிப்பை, முகத்தில் துக்கம் விசாரிக்கிற பாவனை. "ரெண்டு பஸ் மாறி வரேன்க்கா. சார் இந்த வாரத்துல ஆயிடும்னு சொன்னாரு. அந்தப் பித்தளை ரீல எனக்குன்னு பேசி வெச்சிருக்காரு" என்றான்.

ஆயிடுமாம்! சோறு வெந்துவிடும் என்பதுபோல!

நான் வாசலை மறித்து நிற்கும்போதே உள்ளேயிருந்து அப்பா, "யாரு பாப்பா? உள்ள வரச்சொல்லு" என்றார். வந்தான். தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றான். இரண்டு நாளாகத்தான் அப்பாவுக்கு நீர் வடிந்து கொஞ்சம் பரவாயில்லை. அதை உங்களுக்குச் சந்தோஷமாக எழுதத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவுக்குப் புரியாமலா போகும்? "உக்காரு தம்பி. மாப்பிள்ளை எத்தனை மணிக்குன்னு சொன்னாரு? குளிச்சு ரெடியா இருந்திருப்பேனே" என்றார். அவன் என் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு ஓடினான். அவனுக்கு வெட்கம் இருந்தது.

சிரித்துப் பேசிய மனுஷன், அவன் போனதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சுவரைப் பார்த்தபடியே, "நான் மாப்பிள்ளைக்கு என்ன குறை வெச்சேன் பாப்பா?" என்றார்.

பெட்டியைத் திறந்து அந்த ரீலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். ஏரித் தண்ணீர் நாற்றம் அப்படியே அடித்தது. எனக்கு அருவருக்கவில்லை. அப்பா அதைச் சுற்றிவிட்டுச் சத்தம் கேட்டபடியே தூங்கினார்.

குக்கரைப் பார்த்து வந்த குமட்டல் சோப்புப் போட்டால் போய்விடும். உங்களை நினைத்தால் வருகிறதே, இதை எதைப் போட்டுக் கழுவுவது? என் தையல் மெஷினை லாரியில் போட்டு அனுப்புங்கள். புடவைகளுக்கும் பாத்திரங்களுக்கும் ஆள் பார்த்துவிடாதீர்கள். நானும் உயிரோடுதான் இருக்கிறேன்.

உங்கள் மாமாவின் மகள்


ஜூலை 2

அன்புள்ள மூக்கம்மாவுக்கு,

இவ்வளவு கோபமா? டாக்டர் கைவிரித்துவிட்டார் என்று எழுதியது நீதானே? அதை நம்பி ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். மாமாவுக்குக் கெடுதல் நினைப்பேனா நான்? அவர் தேறியதில் எனக்கும் சந்தோஷம்தான்.

நீ கேட்டபடி மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு அனுப்பியிருக்கிறேன். கோபம் தணிந்ததும் அதோடு திரும்பி வந்துவிடு. உன் மேஜையைக் காலி செய்துவிட்டேன். சாமான்களைக் கட்டில் மேல் அடுக்கியிருக்கிறேன், நான் கீழேதான் படுக்கிறேன். குக்கரையும் நாலு தரம் தேய்த்தேன்.

உன் அன்புக் கணவன்

பி.கு.: அந்தப் பார்ட்டி என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன் என்கிறான். மாமா தன் கையாலேயே அந்த ரீலை அனுப்பிவைத்தால் நமக்கும் மரியாதை. அவருக்கும் இனிமேல் அது எதற்கு?


ஜூலை 9

ஐயா,

மெஷின் வந்து சேர்ந்தது. நூல்கண்டு எடுக்க இழுப்பறையில் கை விட்டேன். அதிலும் ஒரு தூண்டில் முள் கிடந்திருக்கிறது. ஆள்காட்டி விரலில் ஆழமாக ஏறிவிட்டது. வெடுக்கென்று இழுக்கப் போனேன். அப்பா கட்டிலிலிருந்து, "இழுக்காத பாப்பா, வந்த வழியே இழுத்தா சதையைப் பிச்சுக்கிட்டு வரும்" என்று கத்தினார். பிறகு தானே எழுந்து வந்தார், யார் தோளையும் பிடிக்காமல்.

முள்ளை இன்னும் உள்ளே தள்ளி, முனையை மறுபக்கம் வரவைத்து, தன் பழைய கம்பி வெட்டும் குறடால், பின்பக்கம் கொக்கி போல் நிற்கும் அந்த நுனியை நறுக்கினார். அதற்கப்புறம் உருவினார். தள்ளும்போது உயிர் போகிற வலி. உருவும்போது ஒன்றும் தெரியவில்லை.

பின்குறிப்பைப் படித்தேன். அப்பாவிடம் காட்டவில்லை. காற்று அடங்கியதும் ஏரிக்கரைக்குப் போக வேண்டும் என்கிறார். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போவேன்.

முனை நறுக்கிய அந்த முள்ளை இதோடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் சாமான் உங்களிடமே இருக்கட்டும். நான் வரமாட்டேன்.

லாரிக்காரர் மகள்