மச்சில் இருந்த ஆறு படி

சிவமயம்

சங்கரன்கோவில்
11-2-77

என் கண்ணான பேரன் சங்கரநயினாருக்கு ஆச்சி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கு எல்லாரும் சுகம். உன் தம்பி கோமதிசங்கர் பாங்கிப் பரீட்சையில் ஜெயித்துவிட்டான். தங்கச்சி சண்முகசுந்தரி டீச்சர் டிரெயினிங்கில் முதலாவதாம். நீயோ மெட்ராஸில் விவசாய ஆபீசர். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்குப் பேரப்பிள்ளைகள் இப்படியா என்று தேரடியில் பேசுகிறார்கள்.

ஒரு விஷயம் ஐயா. போன வருஷம் இளையரசனேந்தலில் வெள்ளாமை செய்யும் சம்சாரிகளுக்கு நீ கொடுத்த புதுக் கம்பு முழங்கை நீளம் கதிர் வைத்தது அல்லவா? பழைய விதை இனி எதற்கு, தின்று தீருங்கள் என்றாய். தின்றுவிட்டார்கள். நம் வீட்டு மூத்தவள் கையால் விதை வாங்கித்தான் அவர்கள் விதைப்பது. நானும் வழக்கம்போலப் புதுக் கம்பில் நல்ல கதிராகப் பொறுக்கி, சாம்பல் போட்டு வைத்து, பதினைந்து வீட்டுக்கும் கொடுத்தேன்.

இப்போது கதிர் வரவேண்டிய இடத்தில் இலை இலையாகச் சுருண்டு நிற்கிறது. மணியே இல்லை. அந்த ஊர் மூக்காண்டி ஒரு கம்பந்தட்டையை வேரோடு பிடுங்கிவந்து முற்றத்தில் போட்டான். "ஆச்சி, ஒங்க கையால வாங்குனதுன்னு மூணு ஏக்கரும் விதைச்சேன். பிள்ளைகளுக்கு எதைப் பொங்கிப் போட?" என்கிறான். மச்சில் ஆறு படி பழைய கம்பு கிடக்கிறது. அடுத்த மழைக்கு அவன் நிலத்தில் விதைத்தால் மறு வருஷம் எல்லாருக்கும் விதையாகும். கொடுக்கட்டுமா?

ஆச்சி நெல்லையம்மாள்

சென்னை
20-2-77

அன்புள்ள ஆச்சிக்கு வணக்கம்.

இந்த விதையில் விளைந்ததை மறுபடி விதைக்கக் கூடாது. விதைத்தால் இந்த நோய் தாக்கும். வருஷா வருஷம் புதிதாக வாங்க வேண்டும். பையோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தில் அச்சடித்திருந்ததே, யாரிடமாவது கொடுத்து வாசித்திருக்கலாம்.

நீங்கள் எடுத்துக் கொடுத்த விதை என்று வெளியே தெரிந்தால் எனக்குத்தான் கெட்ட பெயர். நோய் மூக்காண்டி நிலத்திலிருந்து பரவியது என்று சொல்லிவிடுங்கள், நம்புவார்கள். பழைய கம்பைக் கொடுக்காதீர்கள். ஊர் முழுக்கப் புது விதை என்று மேலதிகாரிகளுக்கு எழுதியிருக்கிறேன். மழைக்குள் எல்லாருக்கும் பை வந்துவிடும்.

சங்கரநயினார்

சங்கரன்கோவில்
3-10-77

ராசா,

நீ சொன்னபடியே சொன்னேன். நாலு பேர் முன்னால், "ஏலே, சீக்கை வளத்துவிட்டது நீ, என் விதையையா குத்தம் சொல்லுத?" என்றேன். மூக்காண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். இப்போது அவன் கிணற்றடிக்குப் போனால் மற்றவர்கள் நகர்ந்துகொள்கிறார்களாம்.

அங்கன புளியங்கொட்டையை வறுத்து இடித்துத் தின்கிறார்கள். அவன் பெண்சாதி பூமாரிக்குப் பால் வற்றிப்போய், ஆடியில் கைப்பிள்ளை செத்துப்போச்சு. உன் பைகள் நாலுதான் வந்தன, நம் நிலத்துக்கே சரியாகிவிட்டது. மழையும் விழுந்தாச்சு. மச்சுக் கம்பைக் கேட்டு அவன் வாரம் தவறாமல் வருகிறான். எனக்கு மனசு கேட்கவில்லை. கொடுத்துவிடவா?

ஆச்சி

சென்னை
12-10-77

ஆச்சிக்கு,

24-ஆம் தேதி பெரிய ஆபீசர்கள் இரண்டு ஜீப்பில் வருகிறார்கள். எனக்கு இங்கே வேலை. அவர்களை நம் நிலத்துக்கு மட்டும் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். மத்தியானம் நம் வீட்டில் சாப்பாடு. தலைமை ஆபீசருக்குக் கம்மஞ்சோறு பிரியம். மச்சில் கிடப்பதைக் குத்திவிடுங்கள். இருந்தால்தானே மூக்காண்டி கேட்பான்?

சங்கரநயினார்

சங்கரன்கோவில்
30-10-77

என் தங்கத்துக்கு,

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நம் நிலத்தைப் பார்த்து உன்னை ஓயாமல் புகழ்ந்தார்கள். நல்ல விவசாய ஆபீசருக்கு சர்க்கார் கொடுக்கும் இந்த வருஷப் பரிசு உனக்குத்தானாம். தலைமை ஆபீசர் மூன்று தடவை சோறு வாங்கிக்கொண்டார். "இப்படிக் கம்பு சாப்பிட்டதே இல்லை. இதில் விதை இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். "அதெல்லாம் இப்ப யாரு போடுதாங்க?" என்றேன்.

வேலைக்காரியை விட்டால் ஒரு பிடி ஒளித்துக் கொடுத்துவிடுவாள் என்று முந்தின நாள் நானே குத்தினேன். பஸ்ஸுக்குக் காசில்லாமல் நடந்தே வந்த மூக்காண்டி, உலக்கைச் சத்தம் கேட்டுக் கொல்லைக்கு ஓடிவந்தான்.

"ஆச்சி, குத்தாதீங்க. நேத்துப் பெஞ்ச ஈரம் இன்னும் நாலு நாளு நிக்கும். ஒரு படி போதும்."

நான் நிறுத்தவில்லை. உரலைச் சுற்றிச் சிதறினதைக் குனிந்து பொறுக்கினான்.

"விடுலே, கோழி தின்னட்டும்" என்றேன்.

பொறுக்கினதை அப்படியே தரையில் விட்டுவிட்டுப் போனான். மறுநாளே பூமாரியோடு கோவில்பட்டிப் பக்கம் கல்லுடைக்கப் போய்விட்டானாம். இன்னும் ஆறு வீடு பூட்டிக் கிடக்கிறது. இனி யாரும் விதை கேட்டு வரமாட்டார்கள், நீ கவலைப்படாதே.

பரிசு வாங்கும்போது மாலையும் கழுத்துமாகப் புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு. முகம் நன்றாகத் தெரியட்டும்.

உன் ஆச்சி
நெல்லையம்மாள்