காணைக் குழந்தையின் படம்

சென்னை
12.8.1986

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் பல்கலைக்கழகம் கட்டப்போகும் புதிய மருத்துவமனைக்கு நன்கொடை கேட்டு மடல் அச்சிட்டிருக்கிறோம். அதில் நம் ஊருக்குப் பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து வந்த பாஞ்சாலியின் மகள் படம் இருக்கிறது. இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தை. அறுவை சிகிச்சைக்கான கருவிகள் புதுக் கட்டடத்தில்தான் வரும். படம் எடுத்தபோது மிட்டாய் காட்டிச் சிரிக்க வைத்தவள் நான்.

"கட்டடம் எப்பம்மா முடியும்?" என்று பாஞ்சாலி கேட்டாள்.

"மூணு வருஷம் ஆகும்க்கா."

"அதுவரிக்கும் இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றவள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

இப்போது பணம் நிறைய வருகிறது. கொடுப்பவர்கள் குழந்தை எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கிறார்கள். "நல்லா இருக்குன்னு எழுதிடும்மா, வேற என்னத்த எழுதுவ" என்கிறார் எங்கள் நன்கொடை அலுவலக மேலாளர்.

அப்பா, ஒருநாள் காணைக்குப் போய் அந்தக் குழந்தையைப் பார்த்து வாருங்கள். நான் வருந்துவேன் என்று எதையும் மறைக்காதீர்கள். இங்கே வேர்க்கடலை என்கிறார்களே, அந்த மல்லாட்டை அனுப்பினால் கொஞ்சம் போதும். அறையில் இப்போது நான் மட்டும்தான்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உங்கள் கடிதம் வரும்வரை, குழந்தையைப் பற்றிக் கேட்டவர்கள் யாருக்கும் பதில் எழுதமாட்டேன்.

உங்கள் மகள்
திலகவதி