வால் கூண்டின் ஒற்றைக் கதவு

செவன் கிங்ஸ், லண்டன்
3.3.1991

அன்புள்ள அத்தான்,

நான் சுகம், நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்றுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். உங்களை இங்கே கூப்பிடுகிற அலுவல் இன்னும் முடியவில்லை.

முதியோர் இல்லத்தில் ஷிப்ட் கூட்டித் தந்திருக்கிறார்கள். அங்கே மிஸ்டர் ஹார்ட்லி என்றொரு கிழவர். இரண்டாம் மகாயுத்தத்தில் ஜெர்மனிக்குக் குண்டு போடப் போன விமானத்தின் வாலில், துப்பாக்கியோடு இருந்தவர். கண்ணாடிக் கூண்டுக்குள் பின்பக்கம் பார்த்தபடி, குளிரில் விறைத்துப்போய் இருப்பாராம். இப்போதும் ஹீத்ரோவுக்குப் போகிற விமானம் இரைந்தால் அவருக்கு உடம்பு நடுங்கும். என் கையைப் பிடித்தால்தான் அடங்கும். பெற்ற பிள்ளைகளுக்கும் சொல்லாததை எனக்குச் சொல்கிறார். நான் குண்டு விழுகிற ஊரில் கீழே இருந்தவளாம், எனக்குத்தான் விளங்குமாம்.

உங்கள்
கௌரி

கொக்குவில், யாழ்ப்பாணம்
26.4.1991

அன்பின் கௌரிக்கு,

கொழும்பால் வந்த ஆளிடம் உமது கடிதம் கிடைத்தது. எனக்கு இரண்டு வரி, மிச்சமெல்லாம் ஹார்ட்லிக்கு.

இங்கேயும்தான் குண்டு போட விமானம் வருகிறது. பின்வளவில் வெட்டிய பங்கர்க் குழிக்குள் தனியே குந்தியிருக்கிறேன். என் கையை யார் பிடிப்பது? ஒளிக்காமல் எழுதுகிறேன், வயிறு எரிகிறது. எழுபது வயதென்றாலும் ஆம்பிளை ஆம்பிளைதான். இனிமேல் கையைக் கொடுக்க வேண்டாம். கீழே ஆட்கள் இருந்தது தெரியுமா என்று மட்டும் அந்தாளிடம் கேளும்.

ஸ்ரீஸ்கந்தராஜா

செவன் கிங்ஸ்
9.6.1991

அத்தான்,

கேட்டேன். பாதிக் கோபம் உங்கள்மேல், பாதி அவர்மேல். விமானி முன்னுக்குப் பார்ப்பான், குண்டு போட்டவன் திரும்பிப் பார்க்கமாட்டான், எரிகிற ஊரைக் கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டு வந்தது வாலில் இருந்த தான்தான் என்றார்.

பிறகு, நீங்கள் பங்கருக்குள் இருப்பதைச் சொன்னதும், உங்களைப் பற்றித்தான் கேட்டார். "உன் புருஷனின் பங்கருக்கு எத்தனை வாசல்?"

நான் அங்கே இருந்தபோது வெட்டியதுதானே, ஒன்று என்றேன். படுத்திருந்தவர் எழுந்துவிட்டார். அவருடைய சிநேகிதன் ஒருவனும் வால் கூண்டுக்காரன். கூண்டுக்கு ஒரே கதவு. விமானம் எரிந்தபோது அது இறுகிக்கொண்டது. மற்றவர்கள் குதித்துத் தப்பினார்கள். அவன் உள்ளேயே எரிந்துபோனான்.

இப்போது ஒவ்வொரு ஷிப்டிலும், இரண்டாவது வாசல் வெட்டியாயிற்றா என்று கேட்கிறார். வெட்டுங்கள் அத்தான். அவர் சொன்னார் என்பதற்காக வீம்புக்கு விட்டுவிடாதீர்கள்.

கை கொடுப்பதை நிறுத்திவிட்டேன். விமானம் போனால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறார்.

கௌரி

கொக்குவில்
17.8.1991

அன்பின் கௌரிக்கு,

கடிதத்தைக் கிழித்தெறியத்தான் நினைத்தேன். என் வளவில் எங்கே வெட்டுவதென்று லண்டனிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் சொல்வதா? கொஞ்சநாள் மண்வெட்டியைத் தொடவேயில்லை. பிறகு, நீர் நித்திரை கொள்ள வேண்டுமே என்று வெட்டினேன். அவருக்காக இல்லை.

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வளவில் குண்டு விழுந்தது. பழைய வாசலை மண் மூடிவிட்டது. புது வாசலால் தவழ்ந்து வந்தேன். காயமில்லை, ஒரு காது மட்டும் இரைகிறது.

வெளியே வந்து விழுந்து கிடந்தபோது உமது முகம்தான் நினைவில் வந்தது என்று எழுத ஆசை. ஆனால் வந்தது அந்தக் கிழவர். அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

வாசல் வெட்டியாயிற்று என்று அவரிடம் சொல்லும். கட்டில் சட்டத்தைப் பிடிக்க விட வேண்டாம், விமானம் போகும்போது கையைக் கொடும். இடது கையை. வலது கை மணவறையில் நான் பிடித்தது.

உமது
ஸ்ரீ